கடைக்கோடைக்கு ஏழு ஒயின்

என் மூக்கையும் தொண்டையையும் நம்பி ரங்கூனில் கொஞ்சம் பேர் குடிக்கிறார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை, என் பிழைப்பே அதுதான். பழனியப்பனின் ஒயின் கடையில் பதினைந்து வருஷமாக, வருகிற சரக்கைச் சுவைத்து, எந்த ஒயின் எந்தச் சாப்பாட்டுக்குச் சேரும் என்று வாடிக்கையாளர்களுக்குச் சொல்கிறேன். கோயிலில் நான் நாகரத்தினம். கடையில் டோ ஏ. அம்மா பர்மாக்காரி, அவள் வைத்த பெயர் அது. டோ பெண்களுக்கும் ஊ ஆண்களுக்கும் பர்மியத்தில் மரியாதைக்காக முன்னால் போடுவது, ஏ என்றால் குளிர்ச்சி. பெயருக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று கடையில் எல்லோருக்கும் தெரியும். மூக்குக்கு மேல்தான் எனக்குக் கோபம்.

ஒவ்வொரு வருஷமும் மே மாதம், மழை இறங்குவதற்கு முன் ஊரே வெந்து கிடக்கும்போது, ஒரு பட்டியல் போடுவேன். கடைக்கோடைக்கு ஏழு ஒயின். ஏழும் சில்லென்று குடிக்க வேண்டியவை, புளிப்பு தூக்கலாக இருப்பவை. கீழே என் பெயர் இருக்கும். அதைப் படம் எடுத்து ஆளுக்கு ஆள் அனுப்புவார்கள், சிலர் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைப்பார்கள். வீட்டில் அடுப்பு மூட்டக்கூட என் யோசனையை யாரும் கேட்பதில்லை. இதை மட்டும் கேட்டார்கள். அதனால் அந்தப் பட்டியல் எனக்கு உயிர்.

இந்த வருஷம் பட்டியல் வெளிவருமுன்பே அதற்கு ஒரு பெரிய வாடிக்கை வந்துவிட்டது. ஷ்வேப்யிதாவில் தையல் தொழிற்சாலை வைத்திருக்கும் ஊ ராகவன் தன் மகளுக்கு நிச்சயதார்த்த விருந்து வைக்கிறார். மாப்பிள்ளை வீட்டார் பர்மாக்காரர்கள், ஒயின் குடிக்கிறவர்கள். சனிக்கிழமை பகல் பன்னிரண்டரை மணிக்கு நாற்பது பேருக்குச் சாப்பாடு. இறால், தேயிலைச் சாலட், மாங்காய்ச் சாலட். இவ்வளவுக்கும் ஈடுகொடுக்கிற மாதிரி ஒரே வெள்ளை ஒயின், மூன்று பெட்டி வேண்டும், டோ ஏ எதை முதலிடத்தில் போடுகிறாரோ அதுவே போதும் என்று சொல்லியனுப்பினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

நான் சுவைக்கும் முறையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் மூக்கு. அப்புறம் வாயில் வைத்துச் சுழற்றித் துப்புவேன். எல்லோரும் அதோடு நிறுத்துவார்கள். நான் கடைசியாக ஒரு மடக்கு விழுங்குவேன். பன்னிரண்டு சதவீத ஒயின் தொண்டையில் எரியக்கூடாது. எரிந்தால் அதில் என்னவோ சேர்ந்திருக்கிறது என்று பொருள். அது மூக்குக்கும் நாக்குக்கும் தெரியாது, தொண்டைக்குத்தான் தெரியும்.

இந்த வருஷம் அந்த ஒரு மடக்கு என்னால் முடியவில்லை. அம்மாவுக்கு மார்கழியில் அறுவை சிகிச்சை நடந்தது. நல்லபடியாக எழுந்து வந்தால் தீ மிதிக்கிறேன் என்று மாரியம்மனிடம் வேண்டியிருந்தேன். கையில் காப்பு கட்டியாகிவிட்டது. பத்து நாள் சுத்தபத்தமாக இருக்க வேண்டும். கவுச்சி கூடாது, மது நாக்கில் படவே கூடாது. பட்டியலை இரண்டு வாரம் தள்ளிப்போடலாமா என்று பழனியப்பனிடம் கேட்டேன். அம்மன் காரியத்தில் தான் தலையிட மாட்டேன் என்றார். ஆனால் விருந்து தள்ளிப்போகாதே, நீ மோந்து பார், குடிக்கிற வேலையைக் குப்புசாமியிடம் கொடு என்றார்.

குப்புசாமி எங்கள் கடையில் சரக்கறையைப் பார்த்துக்கொள்பவன். பெட்டி தூக்குவான், வண்டி ஓட்டுவான், என்னை அக்கா என்பான். தாகேதாவில் வீடு. நல்ல மனுஷன், பொய் பேசத் தெரியாது. ஆனால் இருபது வருஷமாகச் சாராயம் குடித்துப் பழகியவன். எரிச்சல் இல்லாவிட்டால் அவன் தொண்டைக்கு எதுவும் இறங்கிய மாதிரியே இருக்காது. இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் அவனை எதிரே உட்காரவைத்தேன்.

வியாழக்கிழமை மதியம் மூன்று மணி. கரண்ட் இல்லை. தெருவில் வரிசையாக ஜெனரேட்டர்கள் உறுமிக்கொண்டிருந்தன. ஐஸ் பெட்டியில் பதினொரு பாட்டில். ஷான் மலையிலிருந்து வந்த வெள்ளை ஒயினில் கொய்யா மணத்தது. சாவிஞான் பிளாங்கில் உப்புத் தொட்ட மாங்காய். ரீஸ்லிங்கில் எலுமிச்சைத் தோலும் லேசாக மண்ணெண்ணெயும், அது அந்த ஒயினின் குணம், கெட்டது அல்ல. இளஞ்சிவப்பு ரோஸே ஒன்று தர்பூசணித் தோல்போல இருந்தது. நான் மோந்துவிட்டுக் கிண்ணத்தை நகர்த்துவேன். குப்பு குடித்துவிட்டு, தண்ணி அக்கா, இதும் தண்ணிதான் என்று உதட்டைப் பிதுக்குவான். அவன் முகத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

ஆறாவது பாட்டில் பச்சை லேபிள். புதுச்சரக்கு. வெளிநாட்டு ஒயினை நேர்வழியில் இறக்குவது குதிரைக்கொம்பாகிவிட்டதால், பழனியப்பன் எங்கிருந்தோ பாதி விலைக்குப் பிடித்திருந்தார். யாரிடம் என்று கேட்டதற்குப் பேச்சை மாற்றினார். திருகு மூடியைத் திறக்கும்போது டக்கென்று ஒரு சத்தம் வரவேண்டும், ஏற்கெனவே திறந்த பாட்டில் என்றால் வராது. ஜெனரேட்டர் இரைச்சலில் அது வந்ததா இல்லையா என்று நான் கவனிக்கவில்லை.

மூக்கருகே கொண்டுபோனேன். எலுமிச்சை. அதற்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. எந்த ஒயினிலும் பின்னால் ஏதாவது இருக்கும், பழத்தோலோ ஈரக்கல்லோ புளித்த மாவோ. இதில் கழுவித் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. அங்கேயே நான் பயந்திருக்க வேண்டும். ஆனால் இருவேளைக் குளியலும் தயிர்சோறுமாக ஏழாம் நாளில் இருந்த எனக்கு அந்த வெறுமை பிடித்துவிட்டது. தொண்டையில் எப்படி இருக்கிறது என்று குப்புவைக் கேட்டேன்.

“சூடா, சுகமா இறங்குது அக்கா,” என்றான். “இன்னிக்கு வந்ததிலேயே இதுதான் சரக்கு.”

நான் சிரித்தேன். சிரித்துவிட்டு, பட்டியல் அட்டையில் பர்மியத்தில் தன்தெ என்று எழுதினேன். சுத்தமாக இருக்கிறது என்று அர்த்தம். எங்கள் தொழிலில் ஒரு வெள்ளை ஒயினுக்கு அதைவிட நல்ல சொல் கிடையாது. பச்சை லேபிளை முதலிடத்தில் போட்டேன்.

சுவைத்து மிஞ்சியதைக் குப்பு வீட்டுக்கு எடுத்துப்போவது வழக்கம். அன்று பச்சை லேபிளையும் ரோஸேயையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு, வாயெல்லாம் பல்லாகக் கிளம்பினான்.

வெள்ளிக்கிழமை அவன் வேலைக்கு வரவில்லை. அவன் பெண்டாட்டி ஜெயகுமாரிக்கு போன் செய்தேன். வாந்தி, தலைவலி, சோற்றைக் கண்டாலே ஓடுகிறார் என்றாள். வெயில் என்றேன் நான். குடித்ததும் சேர்ந்திருக்கும், இளநீர் கொடு என்று வைத்தியமும் சொன்னேன். வேறொரு வண்டியைப் பிடித்து, முந்தின நாளே சரக்கறையிலிருந்து எடுத்துவைத்திருந்த மூன்று பெட்டியையும் நானே பஹானில் ராகவன் வீட்டில் இறக்கினேன். அவர் மகள் என் பட்டியலை மேசைமேல் பூச்சாடியில் சாய்த்துவைத்துப் படம் எடுத்துக்கொண்டாள். எனக்கு மனசு நிறைந்துபோனது.

சனிக்கிழமை காலை சரக்கறைச் சாவி குப்புவிடம் இருந்ததால் பத்தரை மணிக்கு அவன் வீட்டுக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. வெயில் நடுவீடுவரை வந்திருந்தது. குப்பு பாயில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் வந்த சத்தம் கேட்டும் திரும்பவில்லை.

“ஜெயா, சன்னலத் தொறன்னு எத்தன வாட்டி சொல்றது,” என்றான். “ஒரே பனியா இருக்கு.”

சன்னல் திறந்துதான் இருந்தது. ஜெயகுமாரி அடுப்பங்கரை வாசலில் நின்றுகொண்டு என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. காலையிலிருந்து இப்படித்தான் என்று பாதி பர்மியத்தில் சொன்னாள். பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகலாம் என்று கிளம்பியவள் என்னைப் பார்த்து நின்றுவிட்டாளாம்.

சிங்கப்பூரில் இந்தத் தொழில் படித்தபோது முதல் வாரமே ஒன்றைச் சொல்லிக்கொடுத்தார்கள். கண்ணைப் பறிக்கிற மெத்தனால், அதாவது தொழிற்சாலைச் சாராயம், கலந்த மதுவைக் குடித்தவன், கண்ணுக்கு முன்னால் பனி மூடியிருக்கிறது என்பான். அப்படிச் சொன்னால் ஒரு நிமிஷமும் தாமதிக்காதே, ஆஸ்பத்திரி. மூலையில் இரண்டு பாட்டிலும் கிடந்தன. பச்சை லேபிள் காலி. ரோஸேயில் பாதி இருந்தது.

ராகவன் வீட்டில் முப்பத்தாறு பாட்டில் ஐஸில் நிற்கிறது. மணி பத்தே முக்கால். அவருக்கு போன் செய்தேன், எடுக்கவில்லை. மறுபடி செய்தேன். அப்புறம் பழனியப்பன். விஷயத்தைச் சொன்னேன். குடிகாரன் பேச்சைக் கேட்டுக்கொண்டு ஊரைக் கூட்டாதே, ராகவனிடம் நானே சொல்லிக்கொள்கிறேன் என்றார். அதன் பிறகு அவர் போன் அணைந்துவிட்டது. ராகவன் வீட்டுக்கு இருபது நிமிஷம் முயன்றேன். அங்கே யாரும் எடுக்கவில்லை.

டாக்ஸியைக் கூப்பிட்டு மூவரும் ஏறினோம். பசுண்டாங் கால்வாய்ப் பாலத்தைத் தாண்டினால் இடது கைப்பக்கம் பெரிய ஆஸ்பத்திரி. வலது கைப்பக்கம் போனால் பஹான், ராகவன் வீடு. இவர்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு நான் மட்டும் வேறு வண்டி பிடித்துப் போயிருக்கலாம். அந்த யோசனை வராமல் இல்லை. ஆனால் நான் மட்டும் போய் என்ன சொல்வது? நேற்று என் கையாலேயே சுத்தம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, இன்று காப்புக் கட்டிய கையோடு போய் விஷம் என்றால் யார் நம்புவார்கள்? குப்புவைப் பார்த்தால் நம்புவார்கள். டிரைவரிடம் வலது பக்கம் திருப்பச் சொன்னேன்.

“ஆஸ்பத்திரி அந்தப் பக்கம் அக்கா,” என்றாள் ஜெயகுமாரி.

பத்தே நிமிஷம் என்றேன். நாற்பது பேர் என்றேன். அவள் பர்மியத்தில் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். குப்பு அவள் தொடையைத் தட்டி, அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும் என்றான். வழியெல்லாம் நெரிசல். பாலத்திலிருந்து ராகவன் வீட்டுக்கே முக்கால் மணி நேரம் ஆனது. குப்பு அடிக்கடி கண்ணைக் கசக்கிக்கொண்டான்.

குப்புவையும் ஜெயகுமாரியையும் வண்டியிலேயே உட்காரச் சொல்லிவிட்டு முதலில் நான் மட்டும் உள்ளே போனேன். அவன் நிலையைக் கூட்டத்துக்கு நடுவே காட்டக் கூச்சமாக இருந்தது. உள்ளே ஏசி குளிர். மாப்பிள்ளை வீட்டார் முன்கூட்டியே வந்துவிட்டார்கள். பெண்கள் லுங்கிபோலச் சுற்றிக் கட்டும் பட்டு லோஞ்சியில் உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடிக் கோப்பைகள் வியர்த்திருந்தன. பத்துப் பன்னிரண்டு பேர் கையில் ஏற்கெனவே கோப்பை இருந்தது. மகள் கையிலும் இருந்தது. ராகவன் எழுந்து வந்து கையைக் கூப்பினார்.

நான் மெதுவாகத்தான் சொன்னேன். இந்த ஒயினை யாரும் குடிக்க வேண்டாம், குடித்தவர்கள் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. பழனியப்பன் அவரிடம் பேசியிருக்கிறார். நான் பேசச் சொன்னதைத்தான் பேசவில்லை.

“பழனியப்பன் எல்லாம் சொன்னாரும்மா,” என்றார் ராகவன். “கமிஷன்ல உங்களுக்குள்ள மனஸ்தாபமாமே. அத நம்ம வீட்டு விசேஷத்துல வச்சு பேசலாமா? விரதம் இருக்கீங்க, வெயில்ல வந்திருக்கீங்க. மொதல்ல ஒரு மோர் குடிங்க.”

மாப்பிள்ளையின் அம்மா என்ன விஷயம் என்று பர்மியத்தில் கேட்டார். ஒன்றுமில்லை, டோ ஏ விருந்துக்கு வாழ்த்துச் சொல்ல வந்திருக்கிறார் என்றார் ராகவன். அந்த அம்மாள் என்னைப் பார்த்துக் கோப்பையைத் தூக்கிக் காட்டினார். தன்தெ என்றார். என் சொல். ஒரு வாய் குடித்தார். அந்தக் கோப்பையைத் தட்டிவிட்டிருப்பேன், ஆனால் தட்டிவிட்டால் நான் பைத்தியம் என்பது உறுதியாகிவிடும், மற்ற கோப்பைகள் நிற்காது.

வெளியே ஓடினேன். குப்புவை இறக்கி, தோளைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தேன். ஜெயகுமாரி பின்னாலேயே வந்தாள். என்ன செய்ய வேண்டும் என்று நான் அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. பெரிய வீட்டுக்கு வந்தால் வழக்கமாக எப்படி நடந்துகொள்வானோ அப்படி நடந்துகொண்டான். செருப்பைக் காலால் தேடிக் கழற்றினான். லோஞ்சியைச் சரிசெய்துகொண்டான். இரண்டு கையையும் குவித்து, “வணக்கம் ஊ ராகவன், நிச்சயம் நல்லபடியா நடக்கணும்,” என்றான்.

சுவரோரம் நின்ற குளிர்பதனப் பெட்டியைப் பார்த்துத்தான் அதைச் சொன்னான்.

ராகவன் அவனுக்கு இடதுபக்கம், நாலடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். ஐந்து வருஷமாக அந்த வீட்டுக்குப் பெட்டி தூக்கிவருகிறவன் குப்பு. எல்லோருக்கும் அவனைத் தெரியும். பதில் வராததால் குப்பு இன்னொரு முறை, கொஞ்சம் உரக்க, பெட்டியைப் பார்த்து வணக்கம் சொன்னான். மகள்தான் முதலில் கோப்பையைக் கீழே வைத்தாள். அப்புறம் மாப்பிள்ளை. மேசைமேல் கண்ணாடி வைக்கும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. மாப்பிள்ளையின் அம்மா வாயிலிருந்ததைக் கைக்குட்டையில் துப்பினார். ராகவன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“அக்கா, எல்லாரும் வச்சுட்டாங்களா?” என்று கேட்டான் குப்பு.

வைத்துவிட்டார்கள் என்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக மூச்சு விட்டதில்லை. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

ஆறு கார்களில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். குடித்தவர்கள் பதினோரு பேர். எல்லோரும் இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிட்டதால் மருந்து ஏற்றி, ரத்தத்தைச் சுத்திகரிக்க வேண்டியவர்களுக்குச் சுத்திகரித்து, திங்கட்கிழமைக்குள் அனுப்பிவிட்டார்கள். பதினோரு பேருக்கும் கண்ணில் ஒரு குறையும் இல்லை. மகள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். ராகவன் என் காலில் விழப்போனார். பழனியப்பன் கடையைப் பூட்டிவிட்டு எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் தீ மிதிக்கப் போகவில்லை.

குப்புவுக்கு உயிர் தங்கியது. டாக்டரம்மா என்னையும் ஜெயகுமாரியையும் தாழ்வாரத்துக்கு அழைத்து விவரம் கேட்டார். எத்தனை மணிக்குப் பனி என்று சொன்னான், எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள், பாலத்திலிருந்து வர இவ்வளவு நேரமா? நான் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் எழுதிக்கொண்டே இருந்தார். நேராக இங்கே வந்திருந்தால் ஓரளவு பார்வையைக் காப்பாற்றியிருக்க வாய்ப்பு உண்டு, உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் வாய்ப்பு இருந்தது என்றார். ஜெயகுமாரி ஆஸ்பத்திரித் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நாற்பது பேருக்காகத்தான் வண்டியைத் திருப்பினேன் என்று எனக்கு நானே பல தடவை சொல்லிப் பார்த்தேன். அது முழுப் பொய் இல்லை. ஆனால் பாலத்தில் டிரைவரிடம் பேசிய அந்த நிமிஷத்தில் என் கண்ணில் இருந்தது நாற்பது பேர் அல்ல. பூச்சாடியில் சாய்த்துவைத்த அட்டையும் அதன் கீழே என் பெயரும்தான். அதை இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

எட்டாம் நாள் குப்புவைப் பார்க்கப் போனேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். வெளிச்சம் எந்தப் பக்கம் என்பது மட்டும் தெரிகிறதாம். ஜெயகுமாரி பக்கத்தில் உட்கார்ந்து அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள். என் குரலைக் கேட்டதும் அவன் முகம் மலர்ந்தது. ராகவன் வீட்டிலிருந்து பழக்கூடை வந்ததை, மகள் நேரில் வந்து கையைப் பிடித்து நன்றி சொன்னதை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னான். அவன் குரலில் ஒரு பெருமை இருந்தது. இவ்வளவு காலத்தில் அவனிடம் நான் அதைக் கேட்டதே இல்லை.

“நல்ல வேள என்னையும் கூட்டிக்கிட்டுப் போனீங்க அக்கா,” என்றான். “இல்லேன்னா நம்பியிருக்க மாட்டாங்க.” அப்புறம் கொஞ்சம் தயங்கினான். “மொதல்லயே இங்க வந்திருந்தாலும் கண்ணு இப்படித்தானே ஆயிருக்கும்?”

ஜெயகுமாரி விசிறுவதை நிறுத்தினாள். என்னை நேராகப் பார்த்தாள். டாக்டரம்மா சொன்னதை அவள் அவனிடம் சொல்லவில்லை. நான் சொல்லட்டும் என்று இவ்வளவு நாள் விட்டுவைத்திருந்தாள்.

“இப்படித்தான் குப்பு,” என்றேன்.

அவன் திருப்தியாகத் தலையாட்டினான். ஜெயகுமாரி அட்டையைக் கட்டிலில் வைத்துவிட்டு எழுந்து வெளியே போனாள்.